அவர் தினமும் கேட்ட கேள்வி

பழவேற்காட்டு மருந்தகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. சென்னையில் நர்ஸ் படிப்பும் பிரசவப் படிப்பும் முடித்திருந்தேன். செவ்வாப்பேட்டையில் ரயில்வே வேலையில் இருந்த அப்பா, பொன்னேரி வரைக்கும் கூட வந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டுப் போனார். அங்கிருந்து வயல்களும் உப்பங்கழியுமாக மாறி மாறி வரும் பாதையில் குலுங்கிக்கொண்டே போய் ஏரிக்கரையில் இறங்கினேன்.

மருந்தகம் என்பது ஓடு போட்ட இரண்டு அறைகள்தான். டாக்டர் பொன்னேரியிலிருந்து செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் நானும் ஒரு ஆயாவும். வந்தவர்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். அது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளை பிறக்கும் வீட்டில் எனக்குப் பயமே கிடையாது. சாகிறவர்களிடம்தான் பயம்.

அதற்குக் காரணம் நான் படித்த விதம். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஒருவருக்கு இனி முடியாது என்று தெரிந்துவிட்டால், கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணித் திரையை இழுத்துவிடச் சொல்வார்கள். இழுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். திரைக்குள்ளே இருப்பவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். சிலர் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் எத்தனையோ தடவை அந்தத் துணியை இழுத்திருக்கிறேன். இழுத்துவிட்டு உள்ளே நின்றதாக ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை.

பழவேற்காட்டில் நான் முதலில் பார்த்த பிரசவங்களில் ஒன்று, ஏரிக்கு அக்கரையிலிருந்து சவுக்கு விறகைப் படகில் கொண்டுவந்து கால்வாய் வழியாகச் சென்னைக்கு அனுப்பும் ஒரு பாயின் வீட்டில். அவருடைய மூத்த மருமகளுக்குத் தலைப்பிரசவம். பாய் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "நர்சம்மா, இன்னா ஆச்சு? இன்னும் இல்லியா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்திக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரல். படகுத்துறையில் நின்று கூப்பிட்டால் கழிக்கு நடுவில் இருக்கும் படகு திரும்பும் என்பார்கள். பெண் குழந்தை பிறந்தது என்று சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு மறுபடி அழுதது. உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தோம்.

மறு வருஷம் அவர் மருந்தகத்துக்கு வந்தார். வலது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். வெற்றிலையும் புகையிலையும் எப்போதும் அடக்கிவைத்திருக்கும் இடம். "சுண்ணாம்பு பட்டு வெந்துட்சிம்மா, மருந்து இருந்தா தடவு" என்றார். டாக்டர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தார். கை கழுவிவிட்டு, அன்றைக்கே சென்னை ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கன்னத்தில் கரண்ட் வைத்தார்கள் என்று, கதிர் சிகிச்சையைப் பற்றி ஊரில் பேசிக்கொண்டார்கள். கன்னம் பொத்துக்கொண்டுவிட்டது. நாக்கு தடித்துப்போய் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கூட வந்த கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டர், மூத்த மகனைத் தனியாக அழைத்துப் பேசினார். மகனுக்கு முப்பது வயதிருக்கும். வியாபாரம் முழுவதையும் அப்போதே அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்தார்.

"நர்சம்மா, நீங்க டெய்லி ஊட்டுக்கு வந்து கட்டு மாத்தணும். ஆம்பள கம்பவுண்டர்லாம் ஊட்டுக்குள்ள வரவேணாம், உம்மாக்கு சங்கடம்."

"வரேன்."

"இன்னொன்னு. வாப்பாக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. உம்மாக்கும் தெரியக்கூடாது. ஆறிக்கினு வருதுன்னே சொல்லுங்கோ. நான் வேலூர் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்கு ஏற்பாடு பண்றேன்."

சரி என்றேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

மருந்தக வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல் போவேன். முதல் நாள் கட்டைப் பிரித்தபோது வந்த வாடையை நான் எதிர்பார்க்கவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு சமாளித்தேன். அறை வாசலில் நின்ற உறவுக்காரப் பெண்கள் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மனைவி மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒடிசலான உடம்பு. முக்காடு நழுவி மூக்கருகே வந்தபோது அதைக் கவனமாகக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். தான் மூக்கை மூடிவிட்டதாகக் கணவர் நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் தள்ளிக்கொள்கிறார் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது.

அடுத்த நாளிலிருந்து பர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரில் புண்ணைக் கழுவினேன். அடுப்புக்கரியை உடைத்து இரண்டு தட்டில் பரப்பிக் கட்டிலுக்கடியில் வைக்கச் சொன்னேன். வாடை பாதியாகக் குறைந்தது. கஞ்சியை டம்ளரில் கொடுத்தால் கன்னத்து ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும். மருமகள் தன் குழந்தையின் பாலாடையை எடுத்துவந்து, "இதுல குடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டாள். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். நோன்புக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்த அன்றைக்கு மூன்று பாலாடை குடித்தார்.

அவர் பேச வேண்டியதை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார். எழுதியது எனக்கு ஒன்றும் புரியாது. தமிழ்தான், ஆனால் அரபு எழுத்தில். அந்த வீட்டுப் பெரியவர்கள் ஓதப் பள்ளிக்கூடம் போனவர்கள். அங்கே கற்ற எழுத்திலேயே தமிழையும் எழுதினார்கள், படித்தார்கள். தமிழ் எழுத்து அவருக்கும் வராது, அவர் மனைவிக்கும் வராது. அவர் எழுதுவார், மனைவி படித்துச் சொல்வார்; அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். யாருக்கும் கேட்காத மெல்லிய குரல். முப்பத்தைந்து வருஷம் அவர் கத்தி, இவர் பேசாமல் இருந்த வீடு அது.

"இன்னா சொல்றாரு?" என்று நான் கேட்பேன்.

"ஒனக்கு டீ குடுக்கச் சொல்றாரு."

மறுநாள், "வெயில்ல நடந்து வந்துக்கீறியாம், கொஞ்ச நேரம் ஒக்காரச் சொல்றாரு."

அதற்கடுத்த நாள், "ஒன் அப்பா அம்மா சௌக்கியமான்னு கேக்கறாரு."

இதைக் கேட்டதும் அவர் சிலேட்டைப் பிடுங்குவார். உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். பலப்பம் கிறீச்சிடும். அம்மா மறுபடி பார்த்துவிட்டு, "வலிக்குதாம்" என்பார். அவர் தலையை அசைப்பார். வலியில் வரும் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டு, "ஆறிக்கினு வருது பாய், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்கோ" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கட்டு மாற்ற அரைமணி. அதற்கு மேல் ஒரு நிமிஷமும் அந்த அறையில் நான் இருந்ததில்லை.

இப்படி இரண்டு வாரம் போனது. ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். மருமகள் தட்டைப் பிடித்துக்கொள்ள வந்தாள். அவளுக்கும் அந்த எழுத்துப் படிக்க வரும். கட்டுப் போட்டு முடித்ததும் அவர் வழக்கம்போல எழுதி அவளிடம் நீட்டினார். அவள் வாசிக்கிற வேகத்திலேயே சத்தமாகப் படித்துவிட்டாள்.

"டெய்லி கேக்கறேன். எனக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது? இந்தப் பொண்ணு ஏன் பதிலே சொல்ல மாட்டேங்குது?"

படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவளுக்கு உறைத்தது. சிலேட்டை அப்படியே மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. மீதிப் பாதியில் கோபம் எதுவும் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

பதினான்கு நாள் அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் டீ குடித்திருக்கிறேன்.

"நாளைக்கு சொல்றேன் பாய்" என்றேன்.

அடுப்படிக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்த அம்மாவிடம் போனேன். நடந்ததை மருமகள் அதற்குள் சொல்லிவிட்டிருந்தாள். அம்மா எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோச்சுக்காத கண்ணு. நீ சின்னப் பொண்ணு. அவுரு அப்டி கேட்டா நீ இன்னா சொல்லுவே? ஒன் மேல பழி வரும், எம் புள்ள ஒன்ன சத்தம் போடுவான். அதான் நான் வேற படிச்சேன்."

"ஒங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அவுரு பொழைக்க மாட்டாருன்னா? மெட்ராஸ்லேர்ந்து வந்து எறங்கச் சொல்லவே தெரியும். அவுருக்கும் தெரியும். எம் புள்ளைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்ன்றது தெரியாது. அவன் மனசு நோவக்கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறோம்."

ஒரே வீட்டுக்குள் மகன் பெற்றவர்களிடமிருந்தும், பெற்றவர்கள் மகனிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்க்குத் தினமும் பொறுப்பாக வந்து தண்ணீர் ஊற்றியது நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டாக்டர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிகம் பேசாதவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கேக்காதவங்க கிட்ட போய் நாமளா சொல்லக்கூடாது. கேக்கறவங்க கிட்ட மறைக்கவும் கூடாது. அவரு கேட்டாரா?"

"தெனமும் கேட்டிருக்காரு சார்."

"அப்போ சொல்லு. சொல்லிட்டு ஓடி வந்துடாத. கொஞ்ச நேரம் அங்கேயே இரு."

வலிக்கு என்ன கொடுக்கிறாய் என்று விசாரித்தார். மாத்திரை என்றேன். மாத்திரை போதாது என்று சொல்லி, மார்பியா ஊசி எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தார். அன்று மாலை தானே என்னோடு அந்த வீட்டுக்கு வந்து, முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

நான் அறையில் தங்கினேன். அம்மா காய்ச்சலோடு எழுந்துவந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் நான் அன்றைக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன்.

"நேத்து நீங்க கேட்டீங்க பாய். புண்ணு ஆறாது. மாசக்கணக்கு இல்ல, வாரக்கணக்குதான்னு டாக்டர் சொல்றாரு. ஆனா வலியில விட்டுட மாட்டோம். ஊசி இருக்குது. நான் காலைலயும் சாயங்காலமும் வரேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தப்புச் செய்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது, போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டிச் சிலேட்டைக் கேட்டார். எழுதி, அம்மாவிடம் கொடுத்தார். அம்மா இந்த முறை எழுதியதை எழுதியபடியே படித்தார்.

"இன்னிக்குத்தான் இந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துப் பேசுது."

விஷயம் தெரிந்து மகன் மறுநாள் மருந்தகத்துக்கே வந்துவிட்டார். கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "ஒங்கள நம்பித்தானே ஊட்டுக்குள்ள விட்டேன்? ஒரே ஒரு வார்த்தைதானே கேட்டுக்கினேன்?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். கோபத்தில் அவர் குரல் அப்படியே அவர் வாப்பாவின் குரலாக இருந்தது. அவரிடம் நான் கொடுத்த வாக்கை மீறியது உண்மைதானே.

இரண்டு நாள் அவர் வாப்பாவின் அறைக்குள் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மாவே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தார். சிலேட்டில் எழுதியிருந்ததை மகன் தனக்குள் படித்தார். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். வேலூர் வேண்டாம், கடைசி வரைக்கும் உன் பக்கத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று எழுதியிருந்ததாக அம்மா எனக்குச் சொன்னார்.

வெளியே வரும்போது மகன் என்னிடம், "வாப்பா கத்தாம படுத்துக்கினு இருக்கறத என்னால பாக்க முடியல. அதான் ரூமுக்குள்ளயே வர்றதில்ல. வேலூரு வேலூருன்னு சொல்லிக்கினு இருந்தா கொஞ்சம் தெம்பா இருக்கும்" என்றார். மறுநாள் வாப்பாவின் வாயைத் துடைக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, வெந்நீரில் நனைத்து, ஈறிலிருந்து ஆரம்பித்து. முதல் நாள் இரண்டு தடவை வெளியே போய் வாந்தி எடுத்தார். ஆனால் திரும்பித் திரும்பி வந்தார்.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஆனதும் அந்த வீட்டில் பேச்சு வந்துவிட்டது. பேத்திக்கு எப்போது காது குத்துவது என்று அவர் எழுதினார். முருங்கைக்காய் வாங்கச் சொன்னார், தான் சாப்பிட முடியாவிட்டாலும் மற்றவர்கள் சாப்பிட. ஒருநாள் நீளமாக எழுதினார். அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எனக்குச் சொன்னார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய பெரிய படகு விறகோடு தரைதட்டி, சரக்கு முழுக்க நனைந்துபோனது. படகை ஓட்டிய தண்டல் பக்கத்துக் குப்பத்து மீனவர்; பதினைந்து வருஷம் இவரிடமே இருந்தவர். பாய் அவரைப் படகுத்துறையில் எல்லார் பார்க்கவும் கன்னத்தில் அறைந்துவிட்டார். தண்டல் அன்றே வேலையை விட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு குப்பத்தில் இறால் வலை போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வேண்டும் என்றுதான் பாய் எழுதியிருந்தார்.

மகன் போய்க் கூப்பிட்டபோது தண்டல் வரவில்லை. வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே, "எனக்கு வேல கீது" என்றாராம். குப்பத்தில் ஒரு பிரசவம் பார்க்கப் போனபோது நானும் கேட்டேன்.

"அவுருக்கு நாள் அதிகம் இல்ல. ஒங்களப் பாக்கணும்ன்றாரு. வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்றேன். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை நேரத்தில் அவரே வந்தார். கருத்த, அகன்ற உடம்பு. அறை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மருமகள் உள்ளே போய்விட்டாள். அம்மாவும் வழக்கப்படி எழுந்து திரைக்குப் பின்னால் போகப் பார்த்தார். ஆனால் பாய் ஏற்கெனவே எழுதிவைத்திருந்த சிலேட்டை அவரிடம்தான் நீட்டினார். வேறு யார் படிப்பது? மகன் வெளியே போயிருந்தார். அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அந்நிய ஆண் ஒருவர் முன்னால் நின்று படித்தார். முதலில் குரல் எழவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"அன்னிக்கு முகத்துவாரம் மண்ணு மூடிக்கினு இருந்திச்சி. தப்பு ஒன் மேல இல்ல. ரெண்டே நாள்ல எனக்குத் தெரிஞ்சிப்போச்சி. தெரிஞ்சும் நான் வந்து சொல்லல. எல்லார் எதிர்லயும் அடிச்சேன், எல்லார் எதிர்லயும்தான் கேக்கணும். எழுந்து வர முடியல. என்னப் பொறுத்துக்கோ."

தண்டல் கட்டிலைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடி ஒண்ணும் பெருசா வலிக்கல மொதலாளி" என்றார் கடைசியில். "எம் பொண்டாட்டி சோறு எட்துக்கினு வந்து துறையில நின்னுக்கினு இருந்தா. அவ எதிர்ல அடிச்சிட்டீங்கோ. எம் மனசுல இருந்தத நான் உட்டுட்டேன். அவளுக்காவ நான் சொல்ல முடியாது."

பாய் புரிந்தது என்பதுபோல் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்து கட்டுத்துணிக்குள் இறங்கியது.

அது, படுத்தே கிடந்ததில் வந்திருந்த முதுகுப்புண்ணுக்கு மருந்து போடும் நேரம். நானும் அம்மாவும் அவரைப் புரட்டத் தடுமாறினோம். மெலிந்துபோயிருந்தாலும் எலும்பு கனத்த ஆள். பார்த்துக்கொண்டு நின்ற தண்டல், "நவுருங்கோ" என்று உள்ளே வந்தார். ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். ஒரு முனகல் இல்லாமல் தூக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்துவிட்டார். நாங்கள் புரட்டும்போது ஒரு நாளும் அவர் முனகாமல் இருந்ததில்லை.

"வாடை அடிக்கும்" என்று நான் மெதுவாகச் சொன்னேன்.

"நான் கருவாட்டு வாடையில பொறந்தவன் நர்சம்மா."

மறுநாள் காலையும் வந்தார். அதற்கடுத்த நாளும். யாரும் கூப்பிடவில்லை. கடலிலிருந்து திரும்பி, வலையைக் காயப்போட்டுவிட்டு வருவார். தூக்கி உட்காரவைப்பார், புரட்டுவார், படுக்கை விரிப்பு மாற்றும்வரை குழந்தையைப்போல் கையில் தாங்கிக்கொண்டு நிற்பார். ஐந்தாறு நாள் கழித்து, போகிறபோக்கில் என்னிடம் சொன்னார்: "ஊட்ல அவ இதப்பத்தி ஒண்ணும் பேசவே மாட்டா. இன்னிக்குக் காலைல, 'நேரமாவுதே, பாய் ஊட்டுக்குப் போலியா?'ன்றா." சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. பாயிடம் போய் இதையே திரும்பச் சொன்னார். பாய் அவர் கையைப் பிடித்து, வெகுநேரம் விடவில்லை.

டாக்டர் என்னிடம் சொன்ன கணக்குக்கு மேல் பாய் ஒரு வாரம் இருந்தார். கடைசி இரண்டு நாள் எழுதவில்லை. பலப்பத்தைப் பிடிக்கக் கை வரவில்லை. ஊசியின் தயவில் வலி தெரியாமல் கிடந்தார்.

இறந்தது ஒரு காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாக ஏரியின் வெளிச்சம் கூரையில் அசைந்துகொண்டிருந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. அம்மா தலைமாட்டில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். நடுவில் குரல் உடைந்தபோது மருமகள் விட்ட இடத்திலிருந்து எடுத்து ஓதினாள். மகன் துணியில் தண்ணீர் தொட்டு வாப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தார். நான் செய்ய ஒன்றுமில்லை. சொந்தக்காரர்கள் இருக்கட்டும் என்று எழுந்தேன். அம்மா ஓதுவதை நிறுத்தாமலே என் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார். உட்கார்ந்தேன். ஒரு மனிதர் போவதை முதல்முறையாகக் கடைசிவரை அருகில் இருந்து பார்த்தேன். நான் பயந்தது எதுவும் அதில் இல்லை. ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. மகன் உதட்டை நனைப்பதை நிறுத்தாமல் இன்னும் இரண்டு தடவை நனைத்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது.

அன்று மாலை அடக்கம் செய்ய மையவாடிக்குப் போன கூட்டத்தின் கடைசியில் தண்டலும் போனார். கூடவே, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர்.

கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் அவர்கள் வழக்கப்படி மனைவி வெளியே வருவதில்லை. நான் வாரத்துக்கு ஒரு முறை போய் அம்மாவைப் பார்த்துவருவேன். மருந்தகத்துக்கு யார் யார் வருகிறார்கள், யாருக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு தடவை, குப்பத்தில் வயிற்றுக்கட்டியோடு கிடக்கும் ஒரு விதவையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் இல்லை. அக்கம்பக்கத்தார் கஞ்சி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் போனால் அரைமணிக்கு மேல் இருக்க முடிவதில்லை என்றேன்.

நாள் கணக்கு முடிந்த மறுவாரம் மருந்தகத்து வாசலில் வெள்ளைச் சேலையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முக்காட்டை விலக்கியபோதுதான் அம்மா என்று தெரிந்தது. கூட மருமகள், இடுப்பில் குழந்தை.

"அந்தக் குப்பத்துப் பொம்பள இன்னும் கீறாளா?"

"இருக்காங்கம்மா."

"என்ன இட்டுக்கினு போ."

"ஒங்க மகன்…?"

"அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். குடையெட்துக்கினு போம்மான்னான்."

மணலில் மூவரும் நடந்தோம். அவ்வளவு தூரம் அந்த அம்மா வெளியே நடந்தது அவர் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று மருமகள் என் காதில் சொன்னாள். கால் புதையப் புதைய நடந்தார், நிற்கவில்லை.

குடிசைக்குள் அந்தப் பெண் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார். நான் கட்டியைப் பார்த்து, மருந்து கொடுத்து, முதுகைத் துடைத்துவிட்டேன். அம்மா அவருடைய தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சிக்குப்பிடித்த முடியை விரலாலேயே பிரித்துவிட ஆரம்பித்தார். அந்தப் பெண் கண்ணைத் திறந்து பார்த்தார். பழக்கமில்லாத முகம்.

"யாரும்மா நீ? இன்னாத்துக்கு வந்துக்கீறே?"

"சும்மாதான் கண்ணு, ஒன் பக்கத்துல குந்திக்கலாம்னு வந்தேன்" என்றார் அம்மா.

எனக்கு மருந்தகத்துக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. நான் மட்டும் எழுந்து வந்தேன். அவர் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டுப் போனதாக ஆயா மறுநாள் சொன்னாள்.